செம்மஞ்சள் எச்சரிக்கையிலேயே புறப்பட வேண்டியவர்கள்: யட்டவத்தயை முன்வைத்து அயலவர் தொண்டு குறித்த ஓர் ஆய்வு

மாத்தளை மாவட்டத்தின் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகளில் யட்டவத்தயும் ஒன்று. மாத்தளை நகருக்கு வடக்கே, சற்று மேற்கே சாய்ந்து கிடக்கும் பகுதி. நக்கிள்ஸ் மலைத்தொடரை ஒட்டிய இரத்தோட்டை, லக்கல, அம்பன்கங்கை கோறளை ஆகியவற்றைப் போல மலைநாடு என்று பெயர் பெற்றதல்ல. ஆனாலும் மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கைப் பட்டியலில் அவற்றின் பெயர்களோடு யட்டவத்தயின் பெயரும் அடிக்கடி வருகிறது. சரிவுகளில் தள்ளித் தள்ளி நிற்கும் வீடுகள், அவற்றைச் சுற்றி மிளகும் பலாவும் கமுகும் அடர்ந்த தோட்டங்கள், வீதிக்கு இறங்கும் படிவெட்டிய ஒற்றையடிப் பாதைகள் என்பதே இப்பக்கத்துக் குடியிருப்பின் பொது அமைப்பு. நல்ல கால்கள் உள்ளவருக்கு அந்தப் பாதை ஐந்து நிமிடம். முழங்கால் தேய்ந்த எழுபத்தைந்து வயதுத் தாய்க்கு அது அரைமணி நேரம். மழையில் அதுவும் முடியாது. அனர்த்த ஆயத்தம் பற்றிய நமது பேச்சு இந்த இரண்டு நேரங்களுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

அதைக் கணக்கில் எடுத்தால் இரண்டு முடிவுகளுக்கு வந்தாக வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. இப்போதுள்ள எச்சரிக்கை நிலைகள் தானே எழுந்து நடக்கக்கூடியவரை மனதில் வைத்து வகுக்கப்பட்டவை. நடக்க இயலாதவருக்கு, கேட்க இயலாதவருக்கு, பார்க்க இயலாதவருக்கு வெளியேறும் நேரம் ஒரு படி முன்னதாகவே தொடங்க வேண்டும். இது முதலாவது. அந்த முன்னதான வெளியேற்றத்தைச் செய்விக்க இராணுவத்தாலோ பிரதேச செயலகத்தாலோ முடியாது. பெயர் குறித்து முன்கூட்டியே பொறுப்பேற்ற அயலவரால் மட்டுமே முடியும். இது இரண்டாவது. ஒன்று இல்லாமல் மற்றது பயன் தராது.

மழைக் கணக்கு

மண்சரிவு எச்சரிக்கைக்கு நமது நாட்டில் வழங்கும் அளவுகோல் எளிமையானது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றரை எட்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ உடனே வெளியேற வேண்டும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிறங்களில் எச்சரிக்கை அறிவிக்கப்படுகிறது. ஆபத்துள்ள கிராமங்கள் பலவற்றில் எளிய மழைமானிகளும் கொடுக்கப்பட்டுள்ளன. யாரோ ஒருவர் தம் முற்றத்தில் அதை வைத்து, இரவில் விழித்திருந்து அளவு பார்க்கிறார். பெருந்தொண்டு அது. பாராட்டுவோர் குறைவு.

இனி இந்தக் கணக்கை ஓர் இரவில் பொருத்திப் பார்ப்போம். மணிக்கு 25 மில்லிமீற்றர் வீதம் மழை விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். மலைநாட்டில் இது அரிதான மழையல்ல. செம்மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையே 50 மில்லிமீற்றர், அதாவது இரண்டு மணித்தியாலம். பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த ஒருவரை ஈரமான படிகளில் இறக்க ஒரு கதிரையும் அதைத் தூக்க நான்கு பேரும் வேண்டும். முன்னே டோர்ச் பிடித்துச் செல்ல இன்னொருவர் வேண்டும். அந்த ஐவரையும் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டும். அவர்கள் முதலில் தத்தம் பிள்ளைகளைப் பாதுகாப்பான இடத்தில் விட வேண்டும். நோயாளியின் மருந்து, அடையாள அட்டை, கிளினிக் கொப்பி ஆகியவற்றைத் தேடி எடுக்க வேண்டும். சிவப்பு நிறம் வந்த பிறகு இவை தொடங்கினால் முடியாது என்பதற்கு நிபுணர் கருத்து தேவையில்லை. மழை மணிக்கு 75 மில்லிமீற்றராக வந்தால் இடைநிலைகளே இல்லை. ஒரே தாவலில் சிவப்பு.

ஜப்பான் இந்தக் கணக்கைச் சட்டமாகவே எழுதிக்கொண்டது. அங்கு 2019 முதல் வழக்கில் உள்ள ஐந்து நிலை எச்சரிக்கை முறை 2021 இல் திருத்தப்பட்டது. அதன்படி நான்காம் நிலையில் ஆபத்தான இடத்தில் உள்ள அனைவரும் வெளியேற வேண்டும். மூன்றாம் நிலையின் பெயரே முதியோர் முதலானோர் வெளியேறும் நிலை என்பதுதான். மற்றவர்கள் தயாராகிக்கொண்டிருக்கும்போதே, நேரம் அதிகம் தேவைப்படுவோர் புறப்பட்டு விடுகிறார்கள். நமது மூன்று நிறங்களை மாற்ற வேண்டியதில்லை. செம்மஞ்சள் என்பது முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வெளியேறும் உத்தரவு என்று ஒரு வரி சேர்த்தால் போதும். செலவில்லாத திருத்தம் இது. அதற்கும் மேலாக, கனமழை வரும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் முற்பகலிலேயே முன்னறிவித்திருந்தால், அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே அவர்களைக் கீழே உறவினர் வீட்டிலோ பாதுகாப்பான அயல்வீட்டிலோ கொண்டுபோய் விடுவதே நல்லது. மழை பொய்த்துப்போனால் மறுநாள் காலை தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வரலாம்.

பட்டியல் மட்டும் காப்பாற்றாது

அனர்த்தங்களில் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் கூடுதலாக இறக்கிறார்கள் என்பது மீண்டும் மீண்டும் நிறுவப்பட்ட உண்மை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அம்பாறை மாவட்டத்தின் 13 முகாம்களில் இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் செய்யப்பட்ட ஆய்வில், ஐம்பது வயதைத் தாண்டியோரின் இறப்பு வீதம் இருபதுகளில் இருந்தோரின் வீதத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. சிறு குழந்தைகளின் நிலை அதைவிடக் கொடியது. 2005 இல் கத்ரீனா சூறாவளியில் லூசியானா மாநிலத்தில் இறந்தோரில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் 75 வயதைத் தாண்டியவர்கள். 2013 இல் ஐக்கிய நாடுகள் சபையின் அனர்த்த அபாயக் குறைப்பு அலுவலகம் பல நாடுகளின் மாற்றுத்திறனாளிகளிடம் நடத்திய ஆய்வில், திடீர் அனர்த்தம் வந்தால் சிரமமின்றி உடனே வெளியேற முடியும் என்றவர்கள் ஐந்தில் ஒரு பங்கினரே. 71 வீதத்தினரிடம் தமக்கென ஒரு ஆயத்தத் திட்டம் இருக்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 2023 இல், அதே ஆய்வு மீண்டும் செய்யப்பட்டபோது திட்டம் இல்லாதோர் 84 வீதமாக இருந்தார்கள்.

இவற்றைவிட நமக்கு அதிகம் கற்பிப்பது குரஷிகி நகரத்தின் மாபி என்ற பகுதி. 2018 யூலையில் மேற்கு ஜப்பானில் பெருமழை பெய்து ஆற்றணை உடைந்தபோது மாபியில் 51 பேர் இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினரின் பெயர்கள், வெளியேற உதவி தேவைப்படுவோர் என்று நகரசபை தயாரித்திருந்த பட்டியலில் ஏற்கனவே இருந்தன. பலர் தம் வீட்டின் கீழ்த்தளத்திலேயே இறந்து கிடந்தார்கள். மேல்மாடிக்கு ஏற அவர்களால் முடியவில்லை. 2011 ஆழிப்பேரலைப் பேரழிவில் மாற்றுத்திறனாளிகள் மற்றவர்களைவிட இரு மடங்கு வீதத்தில் இறந்ததைக் கண்ட ஜப்பான், 2013 இல் இத்தகைய பட்டியல்களை நகரசபைகளின் கட்டாயக் கடமையாக்கியிருந்தது. சட்டம் இருந்தது, பட்டியலும் இருந்தது. எந்த வீட்டுக்கு யார் போவது என்பது மட்டும் எழுதப்பட்டிருக்கவில்லை. 2021 திருத்தம் அந்த இடைவெளியை நிரப்ப முயல்கிறது: பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனி வெளியேற்றத் திட்டம் வகுக்க நகரசபைகள் முயல வேண்டும் என்று அது சொல்கிறது.

நமக்கும் பட்டியல்கள் உண்டு. அஸ்வெசும திட்டத்தின் கீழ் முதியோர் கொடுப்பனவு பெறுவோர், மாற்றுத்திறனாளிகள், நாட்பட்ட சிறுநீரக நோயாளர்கள் ஆகியோரின் விவரங்கள் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் உள்ளன. அவர்களின் வீடு எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவில் என்பதும் அலுவலகத்துக்குத் தெரியும். அந்த வீடு சரிவில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வரைபடம் காட்டும். இந்த இரண்டையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் பார்ப்பதே ஆயத்தத்தின் முதல் வேலை. ஆயினும் கொடுப்பனவுப் பட்டியலில் இடம்பெறாதோர் பலர்: ஓய்வூதியம் பெறும் தனித்த ஆசிரியை, கால் முறிந்து மூன்று மாதம் படுக்கையில் இருப்பவர், நிறைமாதக் கர்ப்பிணி, ஊர்க்கண்ணுக்கு அஞ்சி வீட்டுக்குள்ளேயே வளர்க்கப்படும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளை. இவர்களை அலுவலகம் அறியாது. பக்கத்து வீட்டுக்காரர் அறிவார்.

1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே பெருநிலநடுக்கத்தில் அவாஜித் தீவின் ஹொகுதான் என்ற சிற்றூர் பெரும் சேதம் கண்டது. இடிந்த வீடுகளுக்குள் சிக்கிய ஏறத்தாழ 300 பேரை அயலவரும் ஊர்த் தீயணைப்புத் தொண்டர்களும் அன்றைய பகலுக்குள் வெளியே எடுத்தார்கள். எந்த வீட்டில் எந்தக் கிழவி எந்த அறையில் படுத்திருப்பாள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நேராக அந்த இடத்தைத் தோண்டினார்கள். பெருநகரக் கோபேயில் இது எளிதாக நடக்கவில்லை. நமது கிராமங்களில் இந்த அறிவு இன்னும் இருக்கிறது. பக்கத்து வீட்டு ஆச்சி எப்போது எழுவாள், எந்தக் காதில் கேட்காது, யார் கூப்பிட்டால் கதவு திறப்பாள் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஆனால் அது யாருடைய பொறுப்பு என்று யாரும் இன்னும் சொல்லி வைக்கவில்லை.

டித்வா காட்டியது

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைக் கடந்தபோது மத்திய மலைநாடு கண்ட அழிவு நம் தலைமுறை மறக்கக்கூடியதல்ல. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கண்டி மாவட்டத்தில்தான் உயிரிழப்பு மிக அதிகம். மாத்தளை மாவட்டத்தின் கம்மடுவைப் பகுதியில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பதிவானது. சிவப்பு எச்சரிக்கைக்குரிய அளவின் மூன்று மடங்குக்கும் கூடுதல் அது. வீதிகள் சரிந்தன, மின்சாரம் நின்றது, பல இடங்களில் தொலைபேசிக் கோபுரங்களும் செயலிழந்தன. 117 என்ற அவசர இலக்கம் எல்லோருக்கும் மனப்பாடம்தான். அழைக்கத் தொலைபேசியில் உயிரிருக்க வேண்டுமே.

முதல் சில மணித்தியாலங்கள் அயலவருக்குரியவை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். ஹெலிகொப்டர் வரும், படையினர் வருவர், ஆனால் மழை விட்டு வீதி திறந்த பிறகு. அதுவரை ஒருவரைத் தூக்கிச் செல்லக்கூடியவர் கூப்பிடு தூரத்தில் இருப்பவர் மட்டுமே.

டித்வாவின்போது மொழிக் குறையும் வெளிப்பட்டது. எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில், உரிய அளவில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. மாத்தளை மாவட்டத்தில் சிங்களவரும் முஸ்லிம்களும் மலையகத் தமிழரும் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். லயன் காம்பராவில் தனித்திருக்கும் தமிழ் மூதாட்டிக்குச் சிங்களக் குறுஞ்செய்தி வெறும் ஒலி மட்டுமே. அரச மொழிச் சட்டங்கள் சரியாக நடைமுறைக்கு வர வேண்டும் என்ற கோரிக்கையை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. அதேவேளை, இன்றிரவு மழை பெய்தால் அந்தச் செய்தியை அவளுக்குத் தமிழில் சொல்லக் கூடியவர் யார் என்ற கேள்விக்கும் விடை வேண்டும். அயலவர் தொண்டர் அங்கே மொழிபெயர்ப்பாளரும் ஆவார். அவர் எந்தச் சமூகத்தவராக இருந்தாலும் சரி.

எச்சரிக்கை இருந்தும் ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை மீரியபெத்தை ஏற்கனவே சொல்லிவிட்டது. கொஸ்லாந்தையின் அந்தத் தோட்டக் குடியிருப்பு அபாயமானது என்று 2005 இலும் 2011 இலும் அறிவிக்கப்பட்டிருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயன் வரிசைகளைப் புதைத்தது. அறிவிப்பைக் கேட்ட மக்கள் போக இடமின்றி அங்கேயே இருந்தார்கள். அவர்களின் அறியாமையைக் குறைசொல்வது அநீதி.

யார் தொண்டர்?

நமது ஊர்களில் தொண்டு புதியதல்ல. 1958 இல் ஏ. ரி. அரியரத்ன தம் மாணவர்களோடு குருநாகல் மாவட்டத்தின் கனத்தொலுவைக் கிராமத்துக்குச் சென்று தொடங்கிய சிரமதானம் சர்வோதய இயக்கமாக வளர்ந்தது. டித்வாவுக்குப் பிறகு ஊரெங்கும் அடுப்புகள் மூட்டப்பட்டன. சோற்றுப் பொதிகளும் உலர் உணவுப் பொதிகளும் லொறி லொறியாகப் போயின. இந்த ஈகை மனதை நெகிழச் செய்வது. என்றாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: நமது தொண்டு பெரும்பாலும் இழப்புக்குப் பின்னரே வருகிறது. இறந்தவருக்குக் கொடுக்க நம்மிடம் பொதி இல்லை.

கிராம உத்தியோகத்தர் மட்டத்தில் அனர்த்த முகாமைத்துவக் குழுக்களும் அவற்றுக்குள் முன்னெச்சரிக்கை, மீட்பு, முதலுதவி, முகாம் பராமரிப்பு முதலான உபகுழுக்களும் அமைக்கப்பட வேண்டும் என்ற ஏற்பாடு, 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் வந்த அனர்த்த முகாமைத்துவ நிலையத்தால் நாடு முழுவதும் பரப்பப்பட்டது. அமைப்பு வடிவத்தில் குறையில்லை. குறை அதன் உயிர்ப்பில்தான். வெள்ளம் வரும் ஆண்டில் கூடும் குழு மறு ஆண்டு மறைகிறது.

ஆண்டு முழுவதும், மாதம் தவறாமல் கூடும் ஓர் அமைப்பு ஏறத்தாழ எல்லா ஊரிலும் இருக்கிறது. அதுதான் மரண உதவிச் சங்கம். சந்தா சேர்க்கிறது, உறுப்பினர் பெயரேடு வைத்திருக்கிறது, கதிரை, கூடாரம், விளக்கு எல்லாம் அதனிடம் உண்டு. ஒரு சாவு விழுந்தால் யார் எங்கே போவது, யார் யாருக்குத் தகவல் சொல்வது என்பதெல்லாம் அதற்குக் கைவந்த பழக்கம். எந்த வீட்டில் யார் படுக்கையில் கிடக்கிறார் என்பதையும் அது நன்கு அறியும். சாவுக்குத் தோள்கொடுக்க இத்தனை ஒழுங்கோடு இருக்கும் ஊர், உயிரோடிருப்பவரைத் தோளில் ஏற்றவும் அதே ஒழுங்கைப் பயன்படுத்தலாம். யட்டவத்த போன்ற பிரிவில் அயலவர் தொண்டின் இயல்பான இருப்பிடம் இந்தச் சங்கமே என்பது என் துணிபு. புதிய குழுவுக்குப் புதிய பெயரும் பதாகையும் வைப்பதைவிட, சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு விடயமாகச் சேர்ப்பது நின்று நிலைக்கும். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் வழி வந்த முதியோர் சங்கங்கள் கைகொடுக்கலாம். தோட்டங்களில் மாதர் சங்கமும் கோயில் பரிபாலன சபையும் இதே வேலையைச் செய்யக்கூடும்.

பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்கள் பார்க்கட்டும் என்று சொல்வோர் உண்டு. பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? கொழும்பில் கடைகளில், வலயத் தொழிற்சாலைகளில், கட்டாரிலும் குவைத்திலும். 2024 குடிசனமதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகையில் 65 வயதைத் தாண்டியோர் எட்டில் ஒரு பங்கினர். 2012 இல் அது பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாக இருந்தது. அன்பு குறையவில்லை, அண்மை குறைந்துவிட்டது. கட்டாரிலிருந்து மகன் இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியில் அழுது மன்றாட முடியும். தூக்கிச் செல்ல முடியாது. அப்படியானால் அந்த மகன் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, தன் தாய்க்கு அருகே இருக்கும் இருவரின் பெயர்களையும் எண்களையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்வதும், அவர்களோடு பேசி வைப்பதும்தான்.

இருவர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பகலில் ஊரில் இருப்போர் வேறு, இரவில் இருப்போர் வேறு. ஆண்கள் மாத்தளை நகரத்துக்கோ தம்புள்ளைச் சந்தைக்கோ போயிருக்கும் பகலில் பெண்களும், உயர்தர வகுப்பு மாணவரும், அறுபதைத் தாண்டியும் திடமாக நடக்கும் பெரியவர்களுமே மிஞ்சுகிறார்கள். பகலுக்கு ஒரு பெயர், இரவுக்கு ஒரு பெயர் என எழுதப்படாத திட்டம் பாதித் திட்டமே. முதியோரை உதவி பெறுபவர்களாக மட்டும் பார்ப்பதும் தவறு. மலை சரியும் முன் காட்டும் அடையாளங்களை, அதாவது நிலத்திலும் சுவரிலும் புதிதாக விழும் வெடிப்பு, சாய்ந்துவரும் மரம், திடீரெனச் சேறாகும் அல்லது வற்றிப்போகும் ஊற்று ஆகியவற்றை முதலில் கண்டு சொல்லக்கூடியவர், அந்தச் சரிவை ஐம்பது ஆண்டுகளாகப் பார்த்து வருபவர்தான். நடக்க முடியாதவரும் கவனிக்க முடியும், சொல்ல முடியும். வெளியேற்றத் திட்டத்தை அவரைக் கேட்டு எழுத வேண்டும். எங்கே பிடித்தால் வலிக்கும், எப்படித் தூக்கினால் தாங்கும் என்பது அவர் ஒருவருக்கே தெரியும்.

ஆயத்தம் என்பது

ஆயத்தம் என்றால் பயிற்சிப் பட்டறையும் சான்றிதழும் என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. உண்மையில் அது ஒரு பிற்பகல் வருகையில் தொடங்கும் வேலை. தொண்டர் வந்து உட்காருகிறார். எந்த மருந்து, ஒரு நாளில் எத்தனை வேளை, குளிரில் வைக்க வேண்டிய இன்சுலின் உண்டா என்று கேட்டு எழுதுகிறார். கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், காணி உறுதி ஆகியவற்றை நீர் புகாத ஒரு பையில் இட்டுக் கதவருகே ஆணியில் மாட்டுகிறார்கள். மூக்குக்கண்ணாடி, பல்செட், கேட்கும் கருவி, அதற்குரிய பற்றரி ஆகியவற்றை இரவில் எங்கே வைப்பது என்று பேசிக்கொள்கிறார்கள். காது கேளாதவரின் வீட்டில் எச்சரிக்கை மணி பயன்படாது. யன்னல் வழியே டோர்ச் அடிப்பது, அல்லது உள்ளே வரச் சாவி ஒன்றைக் கொடுத்து வைப்பது என்று அவரே சொல்வார். பார்வையற்றவருக்குப் பழகிய பாதை சரிந்து போயிருந்தால் மாற்றுப்பாதையை முன்பே நடந்து காட்ட வேண்டும். பிறகு, மழையில்லாத ஒரு நாளில், கதிரையில் இருத்தி ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும். எந்தத் திருப்பத்தில் கதிரை இடிக்கிறது, எந்தப் படியில் கால் வழுக்குகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

இவ்வளவும் செய்த பின்னரும் அந்த முதியவர் வர மறுக்கலாம். அதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடுவது எளிது. அவர் அஞ்சுவது பெரும்பாலும் மலைக்கல்ல, முகாமுக்கு. முகாம் என்பது பாடசாலை மண்டபம். ஏறிச் செல்லப் படிகள், குந்தியிருக்க வேண்டிய மலசலகூடம், நூறு பேர் நடுவே படுக்கை, உடை மாற்ற மறைப்பில்லை. கழிப்பறைக்குப் போகாமலிருக்கத் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடும் முதிய பெண்கள் எத்தனையோ பேர். கட்டியிருக்கும் பசுவையும் கோழிகளையும் யார் பார்ப்பது என்ற கவலையும் நியாயமானதே. ஆகவே தொண்டரின் வேலை வாசலோடு முடிவதில்லை. முகாமாகும் பாடசாலையில் ஒரு தரைமட்ட வகுப்பறையை இவர்களுக்கென ஒதுக்கி வைப்பது, ஒரு கொமோட் கதிரையும் திரைச்சீலையும் அங்கே முன்கூட்டியே சேர்த்து வைப்பது, மாட்டை அவிழ்த்துவிடும் பொறுப்பை யாரிடமாவது ஒப்படைப்பது ஆகியனவும் இதில் அடங்கும். போகும் இடத்தில் மானம் காக்கப்படும் என்று தெரிந்தால் மறுப்பு பெரும்பாலும் தளரும். 2016 இல் இலங்கை ஏற்புறுதி செய்த மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 11 ஆம் உறுப்புரை, அபாய நிலைமைகளில் அவர்களின் பாதுகாப்பை அரசின் கடமையாக்குகிறது. அந்தக் கொமோட் கதிரைக்கான செலவை ஊர் சந்தா சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை. அரசு கொடுக்க வேண்டும். தொண்டு அரசின் கடமைக்கு மாற்றாகிவிடக் கூடாது.

எதிர்வாதங்களில் கனமானது ஒன்று உண்டு: தொண்டரின் உயிர். 2011 மார்ச் 11 ஆழிப்பேரலையில் ஊர்நலத் தொண்டர்கள் 56 பேர் ஜப்பானில் இறந்தார்கள். அவர்களில் பலர் தம் பகுதி முதியோரைத் தேடிச் சென்றவர்கள். ஊர்த் தீயணைப்புத் தொண்டர்களில் 200 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். இந்த இழப்பை மறைத்துவிட்டு யாரையும் தொண்டுக்கு அழைப்பது நேர்மையாகாது. ஆனால் இந்த எண்கள் சுட்டுவது முன்னர் சொன்ன அதே முடிவைத்தான். அந்தத் தொண்டர்களில் பலர் கடைசி நிமிடத்தில் ஓடியவர்கள். ஓடவேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டவர்கள். செம்மஞ்சளிலேயே வேலை முடிந்துவிட்டால், சிவப்பில் யாரும் சரிவில் ஏற வேண்டியதில்லை. ஏறவும் விடக்கூடாது. சிவப்பு எச்சரிக்கை வந்தால் தொண்டரும் தம் குடும்பத்தோடு வெளியேற வேண்டும் என்பது திட்டத்தின் முதல் விதியாக எழுதப்பட வேண்டும். உதவ முன்வந்தவர் அன்று ஊரில் இல்லாமல் போனால் அவர்மீது சட்டப் பழியோ ஊர்ப்பழியோ விழாது என்பதும் சேர்த்து எழுதப்பட வேண்டும். இந்த உறுதி இல்லாமல் நல்ல மனமுள்ளவர்களும் பெயர் கொடுக்கத் தயங்குவார்கள்.

பட்டியல் கள்வர் கையில் சிக்கும், தனித்திருப்போரின் வீடுகளை அது காட்டிக்கொடுக்கும் என்ற அச்சம் இரண்டாவது. முழுப் பட்டியல் கிராம உத்தியோகத்தரிடம் மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு தொண்டரும் தாம் பொறுப்பேற்ற வீட்டை மட்டும் அறிந்தால் போதும். உரியவரின் சம்மதமின்றி எந்தப் பெயரும் எழுதப்படக் கூடாது.

ஒக்டோபரில் இடைப்பருவ மழை தொடங்கும். அதைத் தொடர்ந்து வடகீழ்ப் பருவமழை வரும். மாத்தளைக்கு அபாயம் கூடும் மாதங்கள் அவை. அதற்கு முன்னதாக யட்டவத்தப் பிரதேச அனர்த்த முகாமைத்துவக் குழு இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும் என்று இக்கட்டுரை கேட்கிறது. செம்மஞ்சள் எச்சரிக்கையை முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வெளியேறும் நிலையாகச் சிங்களத்திலும் தமிழிலும் அறிவிக்கட்டும். ஒவ்வொரு மரண உதவிச் சங்கத்துக்கும் ஒரு கடிதம் அனுப்பி, தம் ஊரில் தானாக வெளியேற முடியாத ஒவ்வொருவருக்கும் இரண்டு அயலவர் பெயர்களைக் கேட்டுப் பெறட்டும். மலைச்சரிவில் வாழும் இதன் வாசகர்கள் அந்தக் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். மழை விட்டிருக்கும் ஒரு நாளில் மேல்வீட்டுக்குப் போய், இரவில் யார் உங்களைத் தூக்க வருவார் என்று கேளுங்கள். யாரும் இல்லை என்றால் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு வாருங்கள்.